நடுக்கடலில் பாலியல் கொடுமை... எந்த ஊர் போலீஸிடம் புகார் கொடுப்பது?

நியூயார்க் அருகே கிங்ஸ் பாயின்ட் என்ற இடத்தில், வணிகக் கப்பல் அதிகாரிகளை உருவாக்கும் அமெரிக்க அரசு அகாடமி ஒன்று இருக்கிறது. வகுப்பறைப் படிப்பு மட்டும் போதாது. சரக்குக் கப்பல்களில் பல மாதங்கள் வேலை பார்த்துப் பழக வேண்டும். 'சீ இயர்' என்று அதற்குப் பெயர். 2019-ல் அப்படிக் கப்பல் ஏறியவர்களில் 19 வயது மாணவி ஒருவரும் இருந்தார்.

ஓர் இரவு, மூத்த அதிகாரிகள் கட்டாயப்படுத்திக் குடிக்கவைத்தார்கள். மறுநாள் காலையில் கண்விழித்தபோது உடலில் ஆடை இல்லை, காயங்கள் இருந்தன. செய்தவர் 60 வயதைத் தாண்டிய மூத்த இன்ஜினீயர். 'வெளியே சொன்னாலும் உன்னை யாரும் நம்ப மாட்டார்கள்' என்ற தொனியில் அவரே பிறகு பேசினார். இதெல்லாம் அந்த மாணவி பின்னாளில் எழுதியது. அன்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதே கப்பலில், அதே மனிதரோடு இன்னும் பல வாரங்கள் ஓட்ட வேண்டியிருந்தது. சுற்றிலும் தண்ணீர். எங்கே போவது?

2021 செப்டம்பரில், 'மிட்ஷிப்மேன் எக்ஸ்' என்ற பெயரில் நடந்ததை இணையத்தில் எழுதினார். கப்பல் உலகமே ஆடிப்போனது. கப்பலை இயக்கிய மெர்ஸ்க் குழுமத்தின் அமெரிக்க நிறுவனம் ஐந்து ஊழியர்களைப் பணியிலிருந்து நிறுத்திவைத்தது. அகாடமி தன் 'சீ இயர்' பயிற்சியையே சில காலம் நிறுத்தியது. 2022 ஜூனில் தன் உண்மைப் பெயரை வெளியிட்டு நிறுவனத்தின் மீது அவர் வழக்குப் போட்டார். அந்தப் பெயர் இங்கே தேவையில்லை, எக்ஸ் என்றே வைத்துக்கொள்வோம். அவரோடு சேர்ந்து இன்னொரு மாணவியும் வழக்குப் போட்டார். எக்ஸுக்குப் பிறகு அதே கப்பலில் பயிற்சிக்குப் போனவர் அவர். தொல்லை தாங்காமல், கையில் கத்தியை வைத்துக்கொண்டு தூங்கியதாகத் தன் மனுவில் சொன்னார்.

இந்தச் செய்திகளை நான் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த அம்மா கேட்டார்: "ஏண்டி, நடுக்கடல்ல நடந்தா எந்த ஸ்டேஷன்ல போய் புகார் குடுக்கிறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அப்படித்தான் ஆரம்பித்தது.

கொடிதான் முகவரி

ஒவ்வொரு கப்பலும் ஏதாவது ஒரு நாட்டில் பதிவு செய்யப்பட்டிருக்கும். அந்த நாட்டின் கொடி கப்பலின் பின்புறம் பறக்கும். பதிவுத் துறைமுகத்தின் பெயரும் அங்கேயே எழுதப்பட்டிருக்கும். ஐ.நா-வின் கடல் சட்ட உடன்படிக்கைப்படி, ஆழ்கடலில் போகும் கப்பலின் மீது அதிகாரம் கொடி நாட்டுக்குத்தான். பனாமா கொடி என்றால், இந்தியப் பெருங்கடலில் மிதந்தாலும் அந்த டெக்கில் நடப்பது பனாமாவின் சட்டத்துக்கு உட்பட்டது.

சிக்கல் இங்கேதான். உலகின் பெரும்பாலான சரக்குக் கப்பல்களின் முதலாளி ஒரு நாட்டில் இருப்பார், கொடி வேறு நாட்டுடையது. வரிச்சலுகை, குறைந்த கட்டணம், கெடுபிடி இல்லாத விதிகள் என்று பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் போன்ற நாடுகளில் பதிவு செய்கிறார்கள். பல கப்பல்கள் தங்கள் கொடி நாட்டின் கரையைப் பார்த்தே இருக்காது. மும்பை ஏஜென்ட் மூலம் வேலைக்குச் சேர்ந்த தூத்துக்குடிப் பெண், லைபீரியக் கொடிக் கப்பலில், வேறொரு நாட்டு அதிகாரியால் தாக்கப்பட்டால், விசாரிக்க வேண்டிய முதல் அதிகாரம் லைபீரியாவுடையது. கேட்கவே தலை சுற்றுகிறது அல்லவா?

இது கற்பனைக் குழப்பம் இல்லை. 2010 ஜூனில், தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த 19 வயது பெண் கேடட் ஒருவர் பிரிட்டிஷ் கொடிக் கப்பலில் இருந்தார். மூத்த அதிகாரி ஒருவர் தன்னை வன்கொடுமை செய்ததாக சக கேடட்டிடம் சொல்ல, அவர் அதைக் கேப்டனிடம் கொண்டுபோனார். கேப்டன் விசாரணைக்கு நேரம் குறித்தார். அந்த நேரத்துக்குப் பெண் வரவில்லை. குரோஷியா அருகே கடலில் அவர் உடல் கிடைத்தது. விசாரித்த குரோஷியப் போலீஸ் தற்கொலை என்று முடிவு செய்தது. பெண் ஒரு நாடு, கொடி ஒரு நாடு, போலீஸ் ஒரு நாடு. புகாரைக் கேட்ட கையோடு, குற்றம் சாட்டப்பட்டவரையும் சொன்னவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேச கேப்டன் ஏற்பாடு செய்தார் என்று அப்போது செய்தி வந்தது. படித்தபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

'யாருக்கு அதிகாரம்' என்ற ஒரே கேள்வி எத்தனை வருடம் இழுக்கும் என்பது கன்னியாகுமரிக்காரர்களுக்குத் தெரியும். 2012-ல் 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலியக் கப்பலில் இருந்த கடற்படையினர் சுட்டதில் இறந்த இரண்டு மீனவர்களில் ஒருவர் குமரி மாவட்டத்தைச் சேர்ந்தவர். அது வேறு வகைக் குற்றம்தான். ஆனால், விசாரிப்பது இந்தியாவா இத்தாலியா என்று முடிவாக 2020 வரை ஆனது. இத்தாலிக்கே என்று சர்வதேசத் தீர்ப்பாயம் சொன்னது. இழப்பீடாக 10 கோடி ரூபாய் வந்தது.

இந்தியச் சட்டம் எப்போது வரும்?

நம் சட்டம் கடலை மறக்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் முதல் பிரிவிலேயே அது இருக்கிறது. இந்தியக் குடிமகன் உலகின் எந்த மூலையில் குற்றம் செய்தாலும் இந்தச் சட்டம் பொருந்தும். இந்தியாவில் பதிவான கப்பல் எங்கே மிதந்தாலும், அதில் குற்றம் செய்பவர் எந்த நாட்டவராக இருந்தாலும் பொருந்தும். ஆக, கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: செய்தவர் இந்தியரா? கப்பல் இந்தியக் கொடியா? இரண்டில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலே இந்தியப் போலீஸிடம் போகலாம். இரண்டுக்கும் 'இல்லை' என்றாலும், நடந்த நேரத்தில் கப்பல் இந்தியத் துறைமுகத்தில் நின்றிருந்தால் நம் போலீஸுக்கு அதிகாரம் உண்டு. கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை நம் கடல் எல்லைதான். ஆனால், அதன் வழியாகக் கடந்து மட்டும் போகும் வெளிநாட்டுக் கப்பலுக்குள் நுழைந்து கைது செய்வதற்கு சர்வதேசச் சட்டம் சில வரம்புகளை வைத்திருக்கிறது.

எந்த ஸ்டேஷன்? அம்மா கேட்ட கேள்விக்குப் பதில்: எந்த ஸ்டேஷனும்! 'எங்க எல்லை இல்லம்மா' என்று போலீஸ் திருப்பி அனுப்ப முடியாது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரைப் பதிவு செய்யும் ஜீரோ எஃப்.ஐ.ஆர் முறை இப்போது சட்டத்திலேயே, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவில், எழுதப்பட்டுவிட்டது. கப்பலில் இருந்தே மின்னணு வழியில் தகவல் அனுப்பலாம். மூன்று நாள்களுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். நடுக்கடலில் இருப்பவர் மூன்று நாளில் ஸ்டேஷனுக்கு எப்படி வருவார் என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்தார்களா, தெரியவில்லை. எப்படியும், அனுப்பிய தேதியும் நேரமும் பதிவில் நிற்கும். கரை இறங்கியதும் நேரில் மறுபடி கொடுக்கலாம்.

இன்னொரு முடிச்சு இருக்கிறது. இந்தியாவுக்கு வெளியே நடந்த குற்றத்தை இங்கே நீதிமன்றம் விசாரிக்க, மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 208-வது பிரிவு. 'அனுமதி வாங்கிட்டு வாங்க, அப்புறம் எஃப்.ஐ.ஆர் போடுறோம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பழைய சட்டத்தில் இதே விதி இருந்தபோது, 2011-ல் தோட்டா வெங்கடேஸ்வரலு வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. புலன் விசாரணைக்கு அனுமதி தேவையில்லை. வழக்கு விசாரணைக்கு நகரும்போதுதான் தேவை.

காலக்கெடுவும் முக்கியம். மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை உள்ள குற்றங்களுக்கு நம் குற்றவியல் சட்டத்தில் காலக்கெடு கிடையாது. எனவே, வன்கொடுமைப் புகாரை வருடங்கள் கழித்தும் கொடுக்கலாம். பாலியல் தொல்லை என்ற பிரிவில் வரும் குற்றங்களுக்கு அந்த வசதி இல்லை. தன்மையைப் பொறுத்து ஓராண்டு அல்லது மூன்றாண்டு. அலுவலகப் புகார் குழு என்றால் இன்னும் குறைவு. 2013-ம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி மூன்று மாதம். தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம். ஆறு மாத, ஒன்பது மாத ஒப்பந்தத்தில் கப்பல் ஏறுபவர்கள் இருக்கிறார்கள். ஊர் திரும்பிப் பேசலாம் என்று காத்திருந்தால் அந்தக் கதவு மூடியிருக்கும்! வேலை நிமித்தமாகப் போகும் இடங்களும், முதலாளி ஏற்பாடு செய்யும் வாகனமும் 'பணியிடம்'தான் என்கிறது அந்தச் சட்டம். ஆகவே, இந்திய நிறுவனத்தில் வேலை என்றால் கப்பலில் இருந்தே அந்தக் குழுவுக்கு எழுதலாம்.

கேப்டனே காரணம் என்றால்?

2006-ம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை உதவுவது இங்கேதான். இந்தியா 2015-ல் இதை ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு கப்பலிலும் புகார் நடைமுறை எழுத்தில் இருக்க வேண்டும். அதன் நகல் ஒவ்வொரு ஊழியருக்கும் தரப்பட வேண்டும். உடனடி மேலதிகாரியிடம்தான் போக வேண்டும் என்பதில்லை. நேராகக் கேப்டனிடம் போகலாம். கேப்டனையும் தாண்டி வெளி அதிகாரிகளிடமும் போகலாம். புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது. அடுத்து நிற்கும் துறைமுகத்தின் அதிகாரிகளிடமும் புகார் தரலாம். கப்பல் எந்தக் கொடியாக இருந்தாலும் சரி.

இந்தியர்களைக் கப்பல் வேலைக்கு எடுக்கும் ஏஜென்சிகளுக்கு மும்பையில் உள்ள கப்பல் துறை இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். கப்பல்காரர்கள் 'டிஜி ஷிப்பிங்' என்று சொல்வது இந்த அலுவலகத்தைத்தான். வெளிநாட்டுக் கொடி, வெளிநாட்டுக் குற்றவாளி என்று போலீஸ் வழி அடைபட்டாலும், ஏஜென்சியின் குடுமி டிஜி ஷிப்பிங் கையில். அதன் கீழ் இயங்கும் வணிகக் கடல்சார் துறை அலுவலகம் சென்னையிலும் இருக்கிறது. வெளிநாட்டுத் துறைமுகத்தில் இறங்க நேர்ந்தால் இந்தியத் தூதரகம். பல துறைமுகங்களில் ஐ.டி.எஃப் என்ற சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் இன்ஸ்பெக்டர்கள் இருக்கிறார்கள். 'சீஃபேரர் ஹெல்ப்' என்ற இலவச உதவி மையம் 24 மணி நேரமும் பல மொழிகளில் பேசுகிறது. வீட்டில் இருக்கும் அப்பா, அம்மாகூட அதைத் தொடர்புகொள்ளலாம்.

72 மணி நேரம்

தரையில் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடலாம். நூறு பேர் அல்லது அதற்கு மேல் இருந்து, மூன்று நாளுக்கு மேல் சர்வதேசப் பயணம் போகும் கப்பலில்தான் டாக்டர் கட்டாயம். சரக்குக் கப்பலில் இருப்பவர்கள் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து பேர். மருந்துப் பெட்டி ஓர் அதிகாரியின் பொறுப்பில் இருக்கும். குற்றம் செய்தவரே அவராக இருந்தால்? அதற்காகத்தான் சாட்டிலைட் வழியாகக் கரையில் உள்ள டாக்டரிடம் பேசும் வசதியைக் கேட்டு வாங்க வேண்டும் என்கிறேன்.

எச்.ஐ.வி தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கருத்தடை அவசர மாத்திரையும் எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. உடலில் உள்ள தடயங்களும் சில நாள்களில் அழிந்துவிடும். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல், பிளாஸ்டிக் பையில் போடாமல், காகிதப் பையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். காயங்களைத் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து, கப்பலுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவருக்கு உடனே அனுப்பிவிடுங்கள். கப்பலின் சி.சி.டி.வி பதிவுகள் சில நாள்களில் தானாக அழிந்து, மேலே புதிய பதிவு ஏறிவிடக்கூடும். 'இந்தத் தேதி, இந்த நேரத்துப் பதிவைப் பத்திரப்படுத்துங்கள்' என்று கேப்டனுக்கும் நிறுவனத்துக்கும் மெயில் அனுப்பிவிட்டால், பிறகு 'அழிந்துவிட்டது' என்று அவர்கள் சுலபமாகச் சொல்ல முடியாது. சம்பவத்தைக் கப்பலின் லாக் புக்கில் எழுதச் சொல்லி வற்புறுத்துவதும் அதற்காகவே.

குளித்துவிட்டேன், துணியைத் துவைத்துவிட்டேன், ஒரு மாதம் ஆகிவிட்டது... அப்போதும் வழக்கு செத்துவிடாது. பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலமே நம்பத்தகுந்ததாக இருந்தால் அதை வைத்தே தண்டிக்கலாம் என்று நம் உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. இந்தியாவில் இறங்கினால், அரசு, தனியார் என்று எந்த ஆஸ்பத்திரியும் இலவசமாக உடனடி சிகிச்சை தர வேண்டும். மறுப்பது குற்றம்.

பயணியாகப் போனால்...

சென்னையில் இருந்தே சொகுசுக் கப்பல் கிளம்பும் காலம் இது. சிங்கப்பூர், மயாமி என்று குடும்பத்தோடு போகிறவர்களும் உண்டு. அமெரிக்கத் துறைமுகங்களில் பயணிகளை ஏற்றி இறக்கும் பெரிய கப்பல்களுக்கு 2010-ல் தனிச் சட்டமே வந்தது. அறைக் கதவில் வெளியே பார்க்கும் துளை, வன்கொடுமைத் தடயங்களைச் சேகரிக்கும் கிட், பயிற்சி பெற்ற மருத்துவ ஊழியர், தொற்றுத் தடுப்பு மருந்து எல்லாம் கட்டாயம்.

ஆனால், டிக்கெட்டோடு வரும் பொடி எழுத்து ஒப்பந்தத்தைப் படித்திருக்கிறீர்களா? இதற்காக நான் ஒன்றை உட்கார்ந்து படித்தேன், பாதியில் தூக்கம் வந்துவிட்டது. அந்தப் பொடி எழுத்தில்தான் கத்தி இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி, உடல் காயத்துக்கு இழப்பீடு கேட்பதாக இருந்தால் ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ், ஓராண்டுக்குள் வழக்கு என்று கப்பல் நிறுவனம் நிபந்தனை போட்டுக்கொள்ளலாம். எந்த ஊர் நீதிமன்றம் என்பதையும் அதிலேயே எழுதிவிடுவார்கள். அது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது.

இழப்பீடு யார் தருவார்?

குற்றவாளியை ஜெயிலுக்கு அனுப்புவது ஒரு வழி. பாதுகாக்கத் தவறிய நிறுவனத்தைப் பொறுப்பாக்குவது இன்னொரு வழி. மிட்ஷிப்மேன் எக்ஸ் போனது இரண்டாவது வழியில். 1920-ல் வந்த 'ஜோன்ஸ் ஆக்ட்', முதலாளியின் கவனக்குறைவால் காயப்பட்ட கப்பல் ஊழியர் வழக்குப் போட வழி செய்கிறது. அமெரிக்கக் கடல் சட்டத்தில் இன்னொரு கொள்கையும் உண்டு: மூர்க்கமான, ஆபத்தான ஓர் ஊழியர் கப்பலில் இருந்தால், ஓட்டை விழுந்த கப்பலைப் போலவே அதுவும் 'கடலுக்குத் தகுதியற்ற கப்பல்'தான். எனக்கு இந்த யோசனை மிகவும் பிடித்திருந்தது.

2022 நவம்பரில் அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. தொகை வெளியிடப்படவில்லை. குற்ற வழக்காக அது நீதிமன்றம் ஏறவே இல்லை. கப்பல், ஊழியர்கள், நிறுவனம், நீதிமன்றம் என எல்லாமே ஒரே நாட்டில் இருந்த வழக்குக்கே இந்த நிலை. ஆனாலும், அதே டிசம்பரில் 'சேஃபர் சீஸ் ஆக்ட்' அங்கே சட்டமானது. கேபின்களுக்கு வெளியே உள்ள நடைபாதைகளில் கேமரா, மாஸ்டர் சாவியை யார் எடுத்தார்கள் என்ற பதிவேடு, பாலியல் குற்றம் செய்தவரின் கடல்பணி உரிமத்தைப் பறிப்பது எல்லாம் அதில் வந்தன. கடலில் நடந்த பாலியல் குற்றத்துக்கு இழப்பீட்டு வழக்குப் போடும் காலம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக உயர்ந்தது.

இந்தியாவில்? 2017-ம் ஆண்டின் கடல்சார் உரிமை வழக்குகள் சட்டப்படி, சென்னை உள்ளிட்ட கடலோர மாநில உயர் நீதிமன்றங்கள், நம் துறைமுகத்தில் நிற்கும் வெளிநாட்டுக் கப்பலையே 'கைது' செய்யலாம். பணம் கட்டினால்தான் கப்பல் நகரும். சம்பளப் பாக்கிக்கு இது அடிக்கடி நடக்கிறது. கப்பல் இயக்கத்தோடு நேரடித் தொடர்புள்ள உடல் காயமும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. பாலியல் தாக்குதலும் அதில் அடங்கும் என்று நல்ல வழக்கறிஞர் ஒருவர் வாதிட இடம் இருக்கிறது. கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்புவதற்குள் அவர் போய்ச் சேர வேண்டும்.

2021-ல் எடுத்த கணக்குப்படி உலகின் கப்பல் பணியாளர்களில் பெண்கள் 1.28 சதவிகிதம், சுமார் 24,000 பேர். பாலியல் தொல்லையைத் தடுப்பதும், நடந்தால் என்ன செய்வது என்பதும் 2026 ஜனவரி 1 முதல் கப்பல் பணியாளர்களின் அடிப்படைப் பயிற்சியிலேயே சேர்க்கப்பட்டிருக்கின்றன.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லி முடித்தேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "சரி, பசங்களுக்கு நடந்தா?" என்றார்.

கப்பலில் 98 சதவிகிதத்துக்கு மேல் ஆண்கள். 17, 18 வயதில் ஏறும் பையன்களும் இதற்கு ஆளாகிறார்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் போக்சோ சட்டம் உண்டு. அதற்கு ஆண், பெண் பேதம் இல்லை. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் புகார் வழியும் எல்லோருக்கும் பொது. ஆனால், 18 வயதைத் தாண்டிய ஆணுக்கு, நம் சட்டத்தில் வன்கொடுமைப் பிரிவு பொருந்தாது. பழைய 377-வது பிரிவில் கட்டாய உறவுக்கு இருந்த தண்டனையும் புதிய சன்ஹிதாவில் விடுபட்டுப் போனது. தாக்குதல், காயம் போன்ற பொதுவான பிரிவுகளில்தான் போலீஸ் வழக்குப் போட முடியும். பிரிட்டிஷ் கொடிக் கப்பல் என்றால் ஆணுக்கு நடந்தாலும் வன்கொடுமை வழக்கு உண்டு. இந்தியக் கொடிக் கப்பலில் கிடையாது.

"அப்ப ஏறுறதுக்கு முன்னாடி என்ன கொடின்னு பாத்துட்டுதான் ஏறணும்" என்றார் அம்மா.